கோல்டு ஃபிஷ் குஞ்சு வளர்ப்பு: வயிற்றைப் பார்த்துத் தீனி போடுங்கள்

விடிகாலையில் ஆண்மீன்கள் பெண்மீனின் வயிற்றை முட்டி முட்டித் தொட்டி முழுக்கத் துரத்தினால், அன்றைக்கு முட்டை இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்மீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடி மணிகள் தெரியும். வெள்ளைப்புள்ளி நோய் என்று பயந்து பலர் மருந்து ஊற்றிவிடுகிறார்கள். அது நோயல்ல, இனப்பெருக்கத்துக்குத் தயார் என்பதற்கான அடையாளம். நோய்ப் புள்ளிகள் உடம்பு, வால் என்று எங்கும் சிதறியிருக்கும். இந்த மணிகள் செவுள் மூடியிலும் துடுப்பிலும் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்.

முட்டைகள் எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் துரத்தல் தொடங்கியதுமே வேலம்பாசியையோ, ஆகாயத்தாமரை வேரையோ, கொத்தாகக் கட்டிய பச்சை நைலான் நூலையோ தொட்டியில் போட்டுவிடுங்கள். துரத்தல் அடங்கியதும் அந்தக் கொத்தை அப்படியே எடுத்து வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். கோல்டு ஃபிஷ்ஷுக்குத் தாய்ப்பாசமெல்லாம் கிடையாது. இட்ட முட்டையை இட்ட மீனே திரும்பி வந்து தின்னும். ஒரு மணி நேரம் அசந்தால் பாதி போய்விடும்.

குஞ்சுத் தொட்டிக்கு ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம் போதும். அதில் ஆறு அங்குல உயரத்துக்கு மட்டும் தண்ணீர் வைத்தால் சுமார் 20 லிட்டர் நிற்கும். மீன் பார்சல் வரும் தெர்மாகோல் பெட்டியும் நல்லதுதான், இரவு பகல் வெப்ப ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். அடியில் கல்லோ மணலோ போடாதீர்கள். மிஞ்சிய தீனி கல்லிடுக்கில் போய் அழுகினால் கண்ணுக்கே தெரியாது. ஃபில்டர் என்றால் ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றுதான். மோட்டார் ஃபில்டர் வைத்தால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். புது ஸ்பாஞ்ச்சில் பயனில்லை. பெரிய மீன் இருக்கும் தொட்டியில் குறைந்தது ஒரு மாதம் ஓடிய ஸ்பாஞ்ச்சை எடுத்து வையுங்கள், அதில்தான் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறது. காற்று மெல்லிசாக, குமிழியை எண்ணிவிடலாம் என்கிற அளவில் வரட்டும். குஞ்சுகள் தண்ணீரில் சுழன்று சுழன்று அடிபட்டால் அவை தின்பதைவிட நீந்தியே களைத்துப்போகும்.

கருவுற்ற முட்டை சின்னக் கடுகளவில், லேசான தேன் நிறத்தில், கண்ணாடி போல இருக்கும். கருவுறாதது மறுநாளே பால்வெள்ளையாகிப் பஞ்சு பூக்கும். அந்தப் பஞ்சு பக்கத்து முட்டைக்கும் பரவும் பூஞ்சை. முடிந்தவரை வெள்ளை முட்டைகளை டிராப்பரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியின் எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வெளிர்நீலமாக மெத்திலீன் புளூ விடலாம். ஆனால் மெத்திலீன் புளூ அந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். அதனால் முட்டை பொரியும்வரை வெறும் ஏர் ஸ்டோன் போதும். பொரிந்த பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஸ்பாஞ்ச்சை உள்ளே வையுங்கள்.

பொரிய எத்தனை நாள் என்பது முழுக்க வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நாள், 25 டிகிரியில் மூன்று நான்கு நாள், நம் ஊர்க் கோடையில் 28, 30 டிகிரி என்றால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பொரிவதற்கு முன் முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவைதான் கண்கள்.

பொரிந்தவுடன் நீங்கள் பார்ப்பது மீன் மாதிரியே இருக்காது. அரை சென்டிமீட்டர்கூட வராத ஒரு கண்ணிமை முடி, அதன் நுனியில் இரண்டு கண். கண்ணாடியிலும் செடியிலும் தலை மேலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தொட்டால் துள்ளிப்போய் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு மூன்று நாளுக்கு எந்தத் தீனியும் வேண்டாம். வயிற்றில் மஞ்சள்கருப் பை இருக்கிறது, அதுவே சாப்பாடு. வாய்கூட இன்னும் சரியாகத் திறந்திருக்காது. பாவம், பசிக்குமே என்று இப்போது போடுகிற எதுவும் குஞ்சு வயிற்றுக்குப் போகாது, தண்ணீரைத்தான் கெடுக்கும்.

இந்த நாட்களில் கவனிக்க வேண்டியது தண்ணீரின் மேற்பரப்பை. மஞ்சள்கரு கரைந்ததும் குஞ்சு ஒருமுறை மேலே வந்து காற்றை ஒரு மிடறு விழுங்கும். அந்தக் காற்றுதான் நீச்சல்பையை முதன்முதலாக நிரப்புகிறது. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் போல எதுவும் படர்ந்திருந்தால் அதைக் கிழித்துக்கொண்டு மேலே வர அதற்குத் தெம்பு கிடையாது. நேரம் தவறினால் பை நிரம்பாமலே போய்விடும். அப்படிப்பட்ட குஞ்சு அடியில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு, எம்பி எம்பி விழும். அது தேறுவது மிக அபூர்வம். தண்ணீரை ஆறு அங்குலத்தில் வைக்கச் சொல்வதும் இதற்காகவே, ஏற வேண்டிய தூரம் குறைவு. படலம் தெரிந்தால், குஞ்சுகள் இன்னும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போதே, டிஷ்யூ தாளைத் தண்ணீர்மேல் படுக்கப்போட்டு மெதுவாக இழுத்து எடுத்துவிடுங்கள்.

ஒட்டிக்கொண்டிருந்தவை கிடைமட்டமாக நீந்தத் தொடங்கிய அன்று தீனி தொடங்குகிறது. குஞ்சு கண்ணாடி போன்றது. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். இத்தனை மில்லி, இத்தனை சிட்டிகை என்று அளப்பதைவிட, ஒரு டார்ச்சும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். தீனி போட்டு இருபது நிமிடம் கழித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வயிறு உருண்டையாக நிறைந்து தெரிந்தால் சரி. வெறும் கோடாக, உள்ளே எதுவுமில்லாமல் இருந்தால், போட்டது கண்ணுக்குத் தீனியாகத் தெரிந்தாலும் குஞ்சு வாய்க்குள் போகவில்லை என்று பொருள். உடம்பு மெலிந்து தலை மட்டும் ஊசித்தலை போலப் பெரிதாகத் தெரியும் நிலைக்கு வந்துவிட்டால் அந்தக் குஞ்சைக் காப்பாற்றுவது கஷ்டம். நீந்தத் தொடங்கி முதல் ஒரு வாரத்தில் நேரும் சாவில் பெரும்பகுதி இப்படிப் பட்டினியால், இல்லாவிட்டால் மிஞ்சிய தீனி அழுகியதால்.

முதல் தீனியாக ஆர்ட்டீமியாவுக்கு, அதாவது உப்பு நீரில் வாழும் பொடி இறாலின் குஞ்சுக்கு, இணையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது. உயிரோடு துள்ளுகிறது, அளவு அரை மில்லிமீட்டருக்குள், தின்ற குஞ்சின் வயிறு பளிச்சென்று ஆரஞ்சாக மாறும். டார்ச் வெளிச்சத்தில் தொட்டி முழுக்க ஆரஞ்சுப் பொட்டுகள் நீந்துவதைப் பார்த்தால் அன்றைய வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

பொரிக்கும் முறை இது. குளிர்பானப் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல் உப்பு. உப்பைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துவது நல்லது, கல் உப்பின் பருமன் கடைக்குக் கடை மாறும். ஒரு சிட்டிகை சமையல் சோடா. அதில் கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை. 200 குஞ்சுக்கு முதல் வாரம் இவ்வளவு போதும். ஏர் டியூபை அடிமட்டம்வரை விட்டு, முட்டைகள் கீழே தங்காமல் கொதிப்பது போலப் புரளும்படி காற்று கொடுக்க வேண்டும். மேலே ஒரு விளக்கு எரியட்டும். 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரியும். மார்கழிக் குளிரில் 24 டிகிரிக்கு இறங்கினால் 36 மணி நேரம்கூட ஆகும்.

பொரிந்ததும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும். பாட்டிலின் நடுப்பகுதியில் பக்கவாட்டில் டார்ச் வைத்தால் ஆர்ட்டீமியா வெளிச்சத்தை நோக்கி ஆரஞ்சு மேகமாகத் திரளும். அந்த இடத்திலிருந்து ஏர் டியூபால் உறிஞ்சி நெருக்கமான துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுக்க வேண்டும். பழைய கைக்குட்டையே போதும். ஓட்டைப் பிரிக்காமல் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. குஞ்சால் ஓட்டைச் செரிக்க முடியாது, குடலில் அடைத்துக்கொள்ளும். வயிறு ஆரஞ்சுக்குப் பதில் பழுப்பாகத் தெரிந்து, குஞ்சு சாப்பிடுவதை நிறுத்தினால் ஓடாக இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

பொரிந்த முதல் சில மணி நேரத்தில்தான் ஆர்ட்டீமியாவின் சத்து முழுசாக இருக்கும். நேரமாக ஆகத் தன் சொந்தக் கருவையே தின்று அது வற்றிப்போகும். காலையில் எடுத்ததை மாலைவரை வைக்க வேண்டுமானால் உப்புத் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு பாட்டில் கட்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி மாற்றிப் போட்டால் இடைவெளி விழாது. தொட்டியின் நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம் உயிரோடிருக்கும், அதற்குள் குஞ்சுகள் தேடித் தின்றுவிடும்.

ஆர்ட்டீமியா கிடைக்காத ஊர்களில் இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்களை வளர்க்கலாம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு வாழைப்பழத் தோலைப் போட்டு வாயைக் கொசு நுழையாத துணியால் கட்டுங்கள். இரண்டு நாளில் தண்ணீர் பாலாகிக் கெட்ட நாற்றம் வரும். பயந்து கொட்டிவிடாதீர்கள், அது பாக்டீரியா. நாலைந்து நாளில் அந்தப் பாக்டீரியாவை நுண்ணுயிர்கள் தின்றுவிட, தண்ணீர் இளமஞ்சளாகத் தெளியும். கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசி நடனமாடுவது போல அசைவு தெரியும். அப்போதுதான் அது தீனி. பாலாக இருக்கும்போதே ஊற்றினால் குஞ்சுத் தொட்டியில் ஆக்சிஜன் இறங்கிவிடும். வெயிலில் வைத்துப் பச்சையான தொட்டித் தண்ணீரும் முதல் இரண்டு மூன்று நாளுக்குக் கைகொடுக்கும். ஆனால் இவற்றை மட்டும் நம்பி இரண்டு வாரம் ஓட்ட முடியாது.

அவித்த முட்டையின் மஞ்சள்கருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேள்விப்படுவது அதைத்தான். அது தீனிதான், ஆனால் அதிகம் போட்டால் ஒரே ராத்திரியில் மொத்தக் குஞ்சையும் கொல்லும். வேறு வழியே இல்லையென்றால் பாசிப்பயறு அளவு மஞ்சள்கருவை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி அரை டம்ளர் தண்ணீரில் கசக்குங்கள். அந்தக் கலங்கலில் 20 லிட்டர் தொட்டிக்கு ஐந்தாறு சொட்டு மட்டும். அரை மணி நேரத்தில் அடியில் படிந்ததை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இரவில் கொடுக்கவே கூடாது. முட்டைக் கலங்கல் அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சும், விடியற்காலையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் குஞ்சுகள் மூச்சுத் திணறிச் சாகும்.

தீனி எத்தனை வேளை என்றால், முதல் இரண்டு வாரம் நான்கைந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் ஒரே வேளையில் அள்ளிப் போட்டுச் சேமிக்க முடியாது. வேலைக்குப் போகிறவர்கள் காலை இரண்டு, மாலையில் வந்து இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் போதும், இருட்டில் அவை தேடித் தின்னாது.

இவ்வளவு தின்றால் அவ்வளவு கழிவும் வரும். தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்றுவது குறைந்தபட்சம், இரண்டாவது வாரத்திலிருந்து பாதி. அம்மோனியாவின் நச்சு தண்ணீரின் காரத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. அதே அளவு அம்மோனியா, 30 டிகிரியில், பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் கிட்டத்தட்ட பத்து மடங்கு அதிகமாகக் கடிக்கும். கடினமான போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே நம் ஊரில் வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்து வாரம் ஒருமுறை மாற்றினால் குஞ்சு தங்காது.

மாற்றுவதற்குத் தடித்த குழாய் வேண்டாம். ஏர் டியூபின் நுனியில் ஒரு சாண் மூங்கில் குச்சியைக் கட்டினால் அடியில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். கழிவை வெள்ளை வாளியில் இறக்குங்கள். எப்படியும் நாலைந்து குஞ்சு கூடவே வந்துவிடும், வெள்ளையில்தான் அவை தெரியும். அவற்றை வலையில் பிடிக்காதீர்கள், உடம்பு கசங்கிவிடும். கரண்டியில் தண்ணீரோடு மொண்டு திருப்பி விடுங்கள். புதுத் தண்ணீரை ஊற்றாமல், ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். வெப்ப வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும். மாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் பிடித்த தண்ணீரை நேராக விட்டால் அதுவே போதும் கதை முடிய. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் 24 மணி நேரம் காற்று விட்டு வைத்திருங்கள், அல்லது மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் கலந்துகொள்ளுங்கள்.

ஆர்ட்டீமியா போடும் தொட்டியில் சில சமயம் கண்ணாடியில் சின்னச் சின்ன நூல்கள், நுனியில் கைகள் விரித்தபடி தெரியும். தொட்டால் சுருங்கும். அது ஹைட்ரா. செடியோடு வந்து, ஆர்ட்டீமியாவைத் தின்று பெருகி, முதல் வாரக் குஞ்சுகளையும் பிடிக்கும். கண்டதும் குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றிப் பழையதை வெந்நீரில் கழுவுவதே எளிது. குளத்தில் பிடித்த மொய்னா என்னும் பொடி நீர்ப்பூச்சியோடு தும்பியின் இளம்புழு வந்துவிட்டால் அது இன்னும் மோசம், ஒன்றே ஒரு நாளில் டஜன் கணக்கில் தீர்த்துவிடும். சென்னைக் கொளத்தூரில் கிடைக்கும் உயிர்த்தீனியானாலும் சரி, எங்கே வாங்கினாலும் சரி, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்த பிறகே தொட்டியில் விடுங்கள்.

பத்தாம் நாளுக்கு மேல் மொய்னா, நன்றாகப் பொடித்த பெல்லட் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பொடியை விரல் நுனியில் தொட்டுத் தண்ணீரில் நனைத்து விட்டால் மேலே மிதக்காமல் பரவும். ஆர்ட்டீமியாவை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மூன்று வாரம்வரை ஒரு வேளையாவது தொடரட்டும். டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் வளர்வது, ஒரு மாதத்துக்கு முன் நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறகும் ஓடும் தண்ணீரில் பல மணி நேரம் அலசித்தான் கொடுக்க வேண்டும். கொசுப்புழு ஒரு அங்குலம் தாண்டிய குஞ்சுக்கு நல்ல தீனி, ஆனால் அதை வீட்டில் வளர்க்க வேண்டாம். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசுவும் முட்டையிடும்.

இரண்டு வாரத்தில் தரம் பிரிக்கும் வேலை வருகிறது. மனசு வராது, ஆனாலும் செய்தாக வேண்டும். 20 லிட்டரில் 200 குஞ்சு முதல் பத்து நாளுக்குத் தாங்கும். மூன்றாம் வாரத்தில் ஐம்பது, ஒன்றரை மாதத்தில் இருபது என்று குறைக்காவிட்டால் எல்லாமே குட்டையாக நின்றுவிடும். ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிட இரு மடங்கு வளர்ந்திருக்கும், அவற்றைத் தனியே மாற்றுங்கள், வாயில் அடங்கும் தம்பி தங்கைகளை விழுங்கிவிடும். குஞ்சுகளை வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு மேலிருந்து பாருங்கள். ஃபேன்டெயில், ஒராண்டா, பிளாக் மூர் வகைகளில் வால் இரண்டாகப் பிரிந்து, பின்னாலிருந்து பார்க்கக் கூரை போல இறங்கியிருக்க வேண்டும். ஒற்றை வால், வளைந்த முதுகு, கோணல் வாய், அடியில் உருளும் குஞ்சு இவை இப்போதே தெரிந்துவிடும். காமெட்டுக்கு ஒற்றை வால்தான் சரி. ஒராண்டாவின் தலைச்சதையும் மூரின் துருத்திய கண்ணும் வர மாதங்கள் ஆகும், அவற்றை வைத்து இப்போது எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒற்றை வால் குஞ்சு ஆரோக்கியமானதுதான். தனித்தொட்டியில் வளர்த்து யாருக்காவது கொடுக்கலாம். ஏரி, குளம், கிணற்றில் விடக் கூடாது, அங்கிருக்கும் மீன்களுக்கு நோயையும் போட்டியையும் கொண்டுபோகும். பிழைக்கவே வழியில்லாத குஞ்சுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் பத்துச் சொட்டுக் கிராம்பு எண்ணெய். எண்ணெயை முதலில் சின்னப் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு குலுக்கிக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலேயே மிதக்கும். அரை மணி நேரம் அதில் விட்டுவையுங்கள். கழிவறையில் உயிரோடு கொட்டுவது கொடுமை.

ஒரு மாதத்தில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வந்துவிட்டால் சரியான பாதையில் போகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் உயரத்தை ஒரு அடிக்கு ஏற்றலாம், தீனியை மூன்று வேளையாகக் குறைக்கலாம், வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியை மசித்து வாரம் இரண்டு முறை சேர்க்கலாம்.

பலர் இந்தக் கட்டத்தில் வந்து கேட்பது, குஞ்சு எல்லாம் சேற்று நிறத்தில் இருக்கிறதே, தாய் தகப்பன் சிவப்பாயிற்றே என்று. சிவப்பு மீனின் குஞ்சும் பழுப்பாகத்தான் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்தில் சில முதலில் இன்னும் கறுத்து, பிறகு வயிற்றிலிருந்து மஞ்சள் படர ஆரம்பித்து, அது பக்கவாட்டில் ஏறி, கடைசியில் முதுகுக்குப் போகும். முதுகுத் துடுப்பின் ஓரத்திலும் வால் நுனியிலும் கறுப்பு இன்னும் கொஞ்ச நாள் தங்கும். சில குஞ்சுகள் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும், சில கடைசிவரை பழுப்பாகவே இருக்கும். அவையும் அதே தீனியைத் தின்று அதே மாதிரி வளரும்.